ஆடாம ஒக்காரு!

"சாவு வூட்ல வந்து ஆடுனேன்னு வெச்சிக்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

செம்மண்டலத்து வீட்டைப் பூட்டும்போதே சௌந்தரம் ஆரம்பித்துவிட்டாள்.

கயல்விழி தலையை ஆட்டினாள். அம்மா போனதிலிருந்து அவள் சித்தி சௌந்தரத்தின் வீட்டில்தான் இருக்கிறாள். கடலூரில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு பிளான் வரைகிற வேலை. அங்கே அவளைப் பற்றி யாருக்கும் புகார் கிடையாது. புகாரெல்லாம் வீட்டில்தான். சந்தோஷம் வந்தால் கையை உதறுவாள். சத்தம் ஜாஸ்தியானால் முன்னும் பின்னும் ஆடுவாள்.

டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். சித்தி வைத்த பெயர் கெட்ட பழக்கம்.

"இளமதி நிச்சயதார்த்தத்துல நீ கைய ஒதறுனத சிதம்பரம் ஊரே பாத்துச்சி. மாப்ளயோட அம்மா வந்து, 'உங்க அக்கா பொண்ணுக்கு வலிப்பு வருமா'ன்னு கேக்குறாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல ஆயிடுச்சி."

"தங்கச்சி அவ்ளோ அழகா இருந்தா சித்தி. சந்தோஷம் உள்ள கொள்ளல. கை வழியா வெளிய வந்துடுச்சி."

"எங்களுக்கெல்லாம் சந்தோஷமே வர்றதில்லயா? சிரிச்சிட்டு சும்மா இருக்கல? இன்னிக்கு சம்பந்தி வூட்டுக்காரங்களும் வருவாங்க. மானத்த வாங்குன, தை மாசம் கல்யாணத்துக்கு உன்ன திருவந்திபுரம் கோயிலுக்கு அழைச்சிட்டுப் போவ மாட்டேன். வூட்ல வெச்சிப் பூட்டிட்டுத்தான் போவேன்."

கயல்விழி இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். இளமதி கழுத்தில் தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஆசையிலேயே அவள் இந்த வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

செத்துப்போனது கீரப்பாளையம் ரத்தினம்மாள், சௌந்தரத்தின் நாத்தனார். சௌந்தரம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சபையில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பஸ்ஸில் கயல்விழி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து வந்தாள். டிரைவர் ஏர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு ஹாரனும் தோலுக்கு அடியில் எறும்பு போல ஊர்ந்தது. உதறினால் போய்விடும். உதறக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சித்தி, குக்கர் விசில் அடிக்கிறது கெட்ட பழக்கமா?"

"என்னாடி ஒளர்ற?"

"விசில அமுக்கிப் புடிச்சா என்னா ஆவும்? எனக்கு இப்ப அப்படித்தான் இருக்கு."

"பொணத்த எடுக்குற வரைக்கும் அமுக்கிப் புடி. அப்புறம் வூட்டுக்கு வந்து வெடிச்சிக்க."

கீரப்பாளையத்தில் தெருமுனையிலேயே சரவெடி வரவேற்றது. அடுத்தது மேளம். பந்தலுக்குள் நுழைந்தால் ஊதுபத்திப் புகை, ஐஸ் பெட்டியின் உறுமல், போனில் கத்திப் பேசுகிற மாமாக்கள். கயல்விழிக்குத் தன் உடம்பு எங்கே முடிகிறது, சத்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, காலை எண்ணி எண்ணி வைத்து உள்ளே போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாரில் அடித்துக்கொண்டார்கள். கையை வீசினார்கள். ஊரே ஆடியது. ஒருத்தரும் ஒருத்தரையும் 'வலிப்பா' என்று கேட்கவில்லை.

"வா ஆயி, வந்து ஒக்காரு" என்று யாரோ ஒரு அம்மாள் கையைப் பிடித்து இழுத்து, அவளையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

கயல்விழி பயந்து சித்தியைப் பார்த்தாள். அதற்குள் உடம்பு ஆட ஆரம்பித்துவிட்டது. ஆட ஆட, தலைக்குள் ஏறியிருந்த சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. இது முதுகு, இது கால் என்று உடம்பு ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைத்தது. அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த முகமே அவள் கண்ணில் பட்டது. மூக்குத்தியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சௌந்தரத்துக்குத்தான் வரவில்லை. முந்தானையைக் கண்ணில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கண் சிவந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. கௌரவமாக, விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

"செம்மண்டலத்துக்காரியப் பாரேன், கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா."

"உள்ளுக்குள்ள சந்தோஷம்டி. நாத்தனா தொல்ல உட்டுதுன்னு."

"பாவி. நெஞ்சுல ஈரம் வேணாம்?"

சௌந்தரத்துக்குக் காது சுட்டது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா புஷ்பவள்ளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம கயலு பொண்ணா சம்பந்தி அது? பெத்த மவளே இப்படி அழுவல. என்னா பாசம் பாருங்க! அன்னிக்கு நான்தான் தப்பா நெனச்சிட்டேன். கல்யாணத்துல இளமதி பக்கத்துல அவளத்தான் நிக்க வெக்கணும், சொல்லிட்டேன்."

"அதுக்கென்ன சம்பந்தி, அவ இல்லாமலா?" என்றாள் சௌந்தரம்.

புஷ்பவள்ளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆமா, உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாவது செய்யிதா? அசையாம ஒக்காந்திருக்கீங்களே... டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

சௌந்தரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கயல்விழியின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். யாருக்கும் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்தாள்.

"கயலு... எல்லாரும் என்னையே பாக்குறாளுங்கடி. மொதல்ல முன்னாடி போவணுமா, பின்னாடி போவணுமா?"