எழுதாமல் விட்ட மழை

“இதென்ன சிற்றம்பலம், ஆவணி பதினேழுக்கு நேரை ஒண்டும் எழுதேல்லை?”

பரமலிங்கத்தாருக்கு ஏற்கெனவே தலை கொதித்துக்கொண்டிருந்தது. மழை அளக்கும் இடங்களைப் பார்வையிடுவது அவருடைய உத்தியோகம். மாங்குளத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கி, கடைசி மூன்று மைலும் இரவல் சைக்கிளில் மிதித்து வந்திருந்தார். மழையே இல்லாத ஊருக்கு மழைப் புத்தகம் பார்க்க வருவதும் ஒரு பிழைப்போ என்று வழிநெடுக நொந்துகொண்டு வந்தவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக் காணி கிடைத்துக் குடியேறியவர் சிற்றம்பலம். வளவில் கம்பி வேலிக்குள் நின்ற செப்பு மழைமானி அவர் பொறுப்பு. தினமும் காலை எட்டரைக்கு, உள்ளே போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாவிட்டால் சைபர். புத்தகத்தில் நான்கு மாதமாகச் சைபர்தான் வரிசையாக நின்றது. பதினேழாந் திகதி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

“மறந்துபோனீரோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப ஒரு சைபரைப் போடுறதுக்கென்ன?”

“அண்டைக்கு மழை ஐயா. விடியப்புறம் கொஞ்சம் தூறினது.”

பரமலிங்கத்தார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “நாலு மாசத்திலை வந்த ஒரே மழை! அதையும் அளக்காமல் விட்டனீரோ?”

“போத்தலை எடுத்தனான் ஐயா...”

“எடுத்து? ஊத்துப்பட்டுப் போச்சோ?”

“இல்லை.”

“அப்ப மாட்டுக்கு வைச்சனீரோ?”

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். அது பரமலிங்கத்தாரின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

“உம்மை நம்பிச் சரிவராது. மானியைக் கழட்டிப் பள்ளிக்கூட வாத்தியார் வளவிலை நிறுத்தப்போறன்.”

“அதை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ ஐயா. உங்களைக் கும்பிட்டன்.”

ஒரு செப்புக் குழாய்க்காகக் கண் கலங்குகிற மனுசனைப் பரமலிங்கத்தார் இதுவரை கண்டதில்லை. அவருக்கே சங்கடமாகிவிட்டது. பேனையைத் திறந்தார்.

“சரி, கண்மட்டிலை ஒரு கணக்கைச் சொல்லும். நான் எழுதிவிடுறன்.”

“அளக்காததை எழுதக்கூடாதெண்டு நீங்கள்தானே ஐயா சொல்லித் தந்தனீங்கள்.”

பரமலிங்கத்தார் பேனையை மூடினார். தணிந்த குரலில் கேட்டார்.

“அப்ப அந்தத் தண்ணியை என்னதான் செய்தனீர்?”

சிற்றம்பலம் மானியைப் பார்த்தபடியே சொன்னார்.

“பெய்த மழையை நிலம் உடனை குடிச்சிட்டுது ஐயா. என்ரை மனுசி அன்னபாக்கியம் எட்டு நாளாய்க் காய்ச்சலிலை கிடந்தவள். மழை வந்திட்டுதெண்டு சொன்னன், நம்பேல்லை. காட்டுறதுக்கு வேறை ஒரு அடையாளமும் இல்லை. அதுதான் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினனான்.”

“அதிலை எவ்வளவு இருந்தது?”

“மூண்டு கரண்டி குடிச்சாள் ஐயா. நாலாவது கரண்டி கடைவாயாலை வழிஞ்சு போச்சு.”