கவசம் போடாத ஆள்

கணவரின் முதுகை இரண்டாக மடித்து, கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன்களுக்குப் பின்னால் திணித்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் அவள். எக்ஸ்ரே அறையில் வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு யார் வந்து எலும்பைக் காட்டப் போகிறார்கள்!

பயந்துவிட வேண்டாம். அவர்கள் வீட்டில் முதுகு என்றால், மலைச்சரிவில் சைக்கிள் விடும்போது அவர் மாட்டிக்கொள்கிற கவசம். நெஞ்சுக்கு ஒரு தகடு, முதுகுத்தண்டுக்கு ஒரு தகடு, தோளுக்கு இரண்டு கிண்ணம். விடிந்ததும் விடியாததுமாகக் கூடத்துக் கொடியில் காய்ந்த துணிகளோடு துணியாக அதையும் அள்ளி, அதை மட்டும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வந்துவிட்டாள்.

துணியை அள்ளும்போது வழக்கமான குழப்பம்தான். எந்தச் சட்டை அப்பாவுடையது, எது மகளுடையது என்று தெரியாது. கல்லூரி முடிக்கப் போகிறவள், வீட்டில் இன்னும் பாப்பாதான். ஆனால் வளர்ந்து வளர்ந்து அப்பாவின் அளவுக்கே வந்துவிட்டாள்; ஞாயிறானால் அவரோடு மலையிறங்கவும் போகிறாள்.

முன்பெல்லாம் கவசம் என்றாலே அவருக்கு எரிச்சல். "வேர்த்து ஊத்துது. இதைப் போட்டுக்கிட்டு ஆமை மாதிரி இறங்குறதுக்கு வீட்டுலயே உக்காந்திருக்கலாம்" என்பார்.

"உக்காருங்களேன், யாரு வேண்டாம்னா?" என்பாள் மனைவி.

போன வருடம் மூன்று விலா எலும்பு முறிந்து இதே மேஜையில் வந்து படுத்தார். படம் எடுத்தவள் இவள்தான். அன்று இவள் அழுத அழுகையைப் பார்த்து, கவசம் இல்லாமல் இனி இறங்கவே மாட்டேன் என்று இவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். "இன்னொரு தடவை அங்கேயே அடிபட்டா எலும்பு நுரையீரல்ல குத்திடும்" என்று டாக்டர் வேறு சொல்லிவைத்திருந்தார்.

மூன்று நாளாக மழை. மலைப்பாதை முழுக்கச் சேறு. இன்றைக்கு என்னவோ நடக்கப் போகிறது என்று அவள் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. சொன்னால் கேட்கிற மனிதரா? ஆனால் சத்தியத்தை மீற மாட்டார். கவசம் இல்லையென்றால் சைக்கிளும் இல்லை. அப்பா போகாவிட்டால் அந்தப் பயந்தாங்கொள்ளி மகளும் தனியாகப் போக மாட்டாள்.

எட்டு மணிக்குப் போன் வந்தது.

"ஏம்மா, என் முதுகைப் பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்? உங்க பொருளை நீங்கதான் பத்திரமா வச்சுக்கணும்."

"வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன். அது இல்லாம எப்படி இறங்குறது?"

"அப்போ பேசாம படுத்துத் தூங்குங்க."

பின்னாலிருந்து மகள் என்னவோ சொன்னாள். அவர் சிரித்தார். போன் துண்டிக்கப்பட்டது.

அப்பாடா என்று ஒரு டீ குடித்தாள். பல் வலிக்காரர் ஒருவரும், கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையும் வந்துபோனார்கள். பதினொன்றரைக்கு எமர்ஜென்சி நர்ஸ் போன் செய்தாள்.

"எக்ஸ்ரே அக்கா, டேபிளை ரெடி பண்ணுங்க. மலை சைக்கிள் கேஸ் ஒண்ணு வருது. முதுகுத்தண்டுல அடி. கால்ல உணர்ச்சியே இல்லையாம்."

"கவசம்... கவசம் போட்டிருக்காங்களா?"

"இல்லையாம்க்கா. சின்னப் பாதைதானே, ஒண்ணும் ஆகாதுன்னு அப்படியே இறங்கிட்டாங்களாம்."

"யாரு? வயசு என்ன?"

"தெரியலக்கா. முகத்தையே மூடுற ஹெல்மெட்டு. கழுத்து அசையக் கூடாதுன்னு கழட்டாமலே கொண்டு வராங்க."

அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"அட மனுஷா! என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனியே!" என்று வாய்விட்டே கத்தினாள். அவர் மேல் என்ன தப்பு? எடுத்து ஒளித்தது யார்? அந்தக் கையை மேஜை விளிம்பில் ஓங்கி அடித்துக்கொண்டாள். ஏப்ரன் எடுக்க அலமாரியைத் திறக்க வேண்டும். மூன்று தடவை சாவி கீழே விழுந்தது.

வராந்தாவில் சக்கரங்களின் சத்தம் நெருங்கி வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தது அவள் கணவர். இரண்டு காலில் நடந்து வந்தார். உடம்பெல்லாம் சேறு. சட்டைக்கு மேல் கவசம்.

ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. "நல்லா இருக்கீங்களா! என் வயித்துல பாலை வார்த்தீங்க!"

அவர் திரும்பிக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. கழுத்துவரை போர்வை, சேறு அப்பிய ஹெல்மெட்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேஸ் வருது. யாரு பெத்த புள்ளையோ, பாவம்" என்றபடி ஏப்ரனை எடுத்து மாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் அது உறைத்தது. "ஏங்க, திட்டாதீங்க, உங்க முதுகை நான்தான் கொண்டுவந்து இங்க ஒளிச்சு வச்சேன். அப்போ நீங்க போட்டிருக்கிறது யாரோடது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாப்பாவோடது."