கோட்டைக்குள் விளைந்த கொள்ளு

கழுதைகள் அவள் குரலுக்குத்தான் நடக்கும். அதனால் ஏர்பிடிக்க அவளையே இழுத்து வந்தார்கள்.

போன மாதம் வரை அந்த இடம் அரண்மனை. இப்போது வெறும் தரை.

கிழக்கேயிருந்து படையோடு வந்த அரசன் கொங்கின் அந்தச் சின்னக் கோட்டையை இடித்துத் தள்ளியதோடு நிற்கவில்லை. தோற்ற மண்ணுக்குச் செய்கிற கடைசி அவமானம் பாக்கியிருந்தது. கழுதை பூட்டி உழுது கொள்ளு விதைப்பது. இனி இங்கே ஒரு அடுப்பும் எரியக்கூடாது என்று முரசறைவது.

அவள் பூவாத்தாள். அந்த ஊருக்குத் துணி வெளுத்தவள்.

உழவு கோணல்மாணலாகப் போனது. வீரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் அழவில்லை. கலப்பையை இன்னும் அழுத்திப் பிடித்தாள். உழுவதுதான் உழுகிறோம், ஆழமாகவே உழுவோம்.

அரசன் ஊர் திரும்பினான். சேந்தன் என்ற வீரனையும் கூட நாலு பேரையும் காவலுக்கு விட்டுப் போனான். மாதாமாதம் அரிசி அனுப்புவதாகச் சொன்னான். அரசர்கள் சொல்வார்கள்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. அரிசி வரவில்லை. அந்த நாலு பேரும் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள்.

தை பிறந்து கொள்ளு முற்றியதும் அவள் வந்தாள். காட்டில் பதுங்கியிருந்த சனமும் பின்னால் வந்தது.

சேந்தன் ஈட்டியை நீட்டினான். அவமானப்பட்ட மண், இதில் விளைந்ததைத் தின்றால் வம்சம் விளங்காது என்றான். குரலில் தெம்பில்லை. அரைப்பட்டினிக்காரன் எவ்வளவுதான் மிரட்டுவான்.

அவள் ஈட்டியை ஒதுக்கிவிட்டுக் குனிந்து செடியைப் பிடுங்கினாள். மற்றவர்களும் குனிந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் அடித்துத் தூற்றிக் குவித்தாயிற்று. தோற்ற அரசன் சபை கூடிய இடத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். புகை எழுந்தது. கொள்ளு வேகும் வாசனை சுற்றிலும் பரவியது.

சேந்தன் நின்றுகொண்டே இருந்தான்.

முதல் இலையை அவன் முன்னால் வைத்தாள்.

“தின்னு. உங்க ராசா வெதைச்சதுதான்.”

ஈட்டியைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். தலை நிமிராமல் தின்றான். தின்று முடித்ததும், நாளைக்கு என்று முனகிக்கொண்டே குவியலில் கை வைத்தான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“அது வெதைக்கு.”