கார்புரேட்டரின் குற்றம்

சாவியைத் திருப்பியதும் முதல் முறுக்கிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது.

இசைவாணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

பின்சீட்டில் அவளுடைய அப்பா வீரன் இருந்தார். எழுபத்தெட்டு வயது. பேகம்பூர் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவர், நேராக வந்து காரில் ஏறிக்கொண்டார். மெக்கானிக் இஷாக் வைத்த வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

“கெளம்பிருச்சுல்ல. போலாம் தாயி,” என்றார்.

எழுபத்தெட்டாம் வருடத்து ஜெர்மன் கார். பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி நடத்திய காலத்தில், தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவரிடமிருந்து வீரன் வாங்கியது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இஞ்செக்‌ஷனோடு செய்யப்பட்ட வண்டி. தான் வாங்கும்போதே யாரோ அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரை மாட்டியிருந்தார்கள் என்று அவர் சொல்வார்.

அந்தக் கார்புரேட்டர்தான் அம்மாவைக் கொன்றது.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் ஒரு மதியம். ஆத்தூரில் மல்லிகைத் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா பொன்னழகுவைப் பாம்பு கடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து மண்டிக்கு போன் போட்டார்கள். “இந்தா காரை எடுத்துட்டு வாரேன்” என்றார் அப்பா.

அவர் வருகிறார் என்றுதான் வேறு வண்டி தேடாமல் இருந்தார்கள்.

இரண்டரை மணி நேரம் கழித்து, மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கார்புரேட்டரில் பெட்ரோல் ஏறி அடைத்துக்கொண்டதாம். எவ்வளவு முயன்றும் கார் கிளம்பவில்லையாம். அதற்குள் தம்பி செழியனின் மடியில் அம்மாவின் உடம்பு குளிர்ந்துவிட்டது.

சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் செழியன் சொன்னான், அந்த மதியம் கிளப் வாசலில்தான் கார் நின்றது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அப்பா உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார் என்று.

திருச்சி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த இசைவாணி அவனை ஓங்கி அறைந்தாள்.

அந்த வாரமே திருப்பூருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பதினோரு வருடம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். அவள் போகவில்லை.

அப்பாவைத் தனியாக விட முடியாது என்று, தனக்கு வந்த வரன்களையும் தட்டிக்கழித்தாள். ஒருநாள் அவர் பானெட்டைத் திறந்து, கறுத்துப்போன அந்தக் கார்புரேட்டரை அவளுக்கு விரலால் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுத்ததில்லை.

அவர் கண் மூடுவதற்குள் அந்தக் கார்புரேட்டரைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று தோன்றியது இந்த வருடம்தான். ஒழுங்காகக் கிளம்பும் காரில் அவரை ஒருமுறை ஆத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்பா வேண்டாம் என்றார். மாதக்கணக்கில் வேண்டாம் என்றார். துக்கம், என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்தக் காரைத் தொடத் தெரிந்தவர் இஷாக் ஒருவர்தான் என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். அவரோ, வெளிநாட்டில் தேட வேண்டாம், இதே வண்டியின் இஞ்செக்‌ஷன் தன்னிடம் கிடக்கிறது என்று பரணிலிருந்து எடுத்துத் தந்தார். எண்ணெய் தடவித் துணி சுற்றி வைத்திருந்தார். அப்பா வாங்குவதற்கு முன்பே கழற்றியதாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரப்பர் வகையறாவை மட்டும் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இசைவாணி இறங்கி முன்பக்கம் வந்தாள். பானெட் தூக்கியிருந்ததால் அப்பா தெரியவில்லை. இஷாக் குனிந்து என்ஜினின் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றி பாய். கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாம இம்புட்டு வருசம் வச்சிருந்தீங்களே.”

“கெட்டுப்போனதை நான் ஏன் தங்கச்சி வைக்கப் போறேன்? நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. கருமாதி முடிஞ்ச மறுநாளு உங்கப்பா கொண்டாந்து நின்னாரு, இதைக் கழட்டிட்டுக் கார்புரேட்டரை மாட்டுன்னு. எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்கல.”

“யார் கருமாதி?”

இஷாக் நிமிர்ந்தார். “உங்கம்மாவுக்குத்தான். சாவுக்கு நானும் வந்திருந்தேனே.”

என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் வேறு எந்தச் சத்தமும் அவள் காதில் விழவில்லை.

இஷாக் பானெட்டை இறக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, முன்சீட்டுக்கு மேல் எக்கி, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசைவாணி ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்ததும் ஊருக்குள் நெரிசல். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றாள், கிளம்பினாள். கார் ஒருமுறைகூட அணையவில்லை.

பழனி ரோட்டில் ஏறியதும் அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆத்தூர் போகிற வழி அது அல்ல.

“எங்க போறோம் தாயி?”

“திருப்பூருக்கு. செழியன் வீட்டுக்கு.”

கல்யாணப் பத்திரிகையில் இருந்த முகவரி மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பதினாறு வருடத்துக்கு முந்தையது. அங்கே அவன் இப்போதும் இருக்கிறானா, இருந்தாலும் கதவைத் திறப்பானா என்று தெரியாது.

அப்பா எதற்கு என்று கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியும் கேட்கவில்லை.