பென்குயின் முட்டை

“லாத்தா, உம்மாவ எழுப்பிராத. ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

துபாயிலிருந்து அம்மார் கிசுகிசுத்தான். கீழக்கரையில், போனைக் காதோடு அழுத்தியபடி மொட்டைமாடிக்கு ஓடினாள் அக்கா நஸீரா. தம்பிக்குப் பத்தொன்பது வயது. அங்கே ஒரு பூங்காவில் பென்குயின் கூண்டு கழுவும் வேலைக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“என்னலே பண்ணித் தொலைச்ச?”

“கழுவயில தண்ணிக் குழாய் பட்டு, கூட்டுல இருந்த முட்டை சிமெண்டுத் தரையில விழுந்துருச்சு.”

“உடைஞ்சிருச்சா?”

“இல்ல, உருண்டு போச்சு. யாரும் பாக்கல. எடுத்துத் திரும்ப வச்சுட்டேன். ஆனா உள்ள இருக்குற உசுரு என்னத்துக்கு ஆகும்? இது ஆப்பிரிக்கப் பென்குயினு லாத்தா. கூண்டுக்கு வெளிய, கடக்கரையில பத்தாயிரம் ஜோடிகூட மிச்சம் இல்லையாம். சாளை மீன் கெடைக்காமப் பட்டினியிலயே சாகுதாம்.”

“சாளையா? இங்கன கோழித் தீவனத்துக்குல்ல லாரி லாரியா அள்ளுறானுவ!”

“வெளையாடாத. செத்த முட்டைன்னு தெரியாம அந்தத் தாய் நகராம உக்காந்திருக்கு. பாக்கவே முடியல. காலையில ஆபீஸுக்கு வரச்சொல்லி சூப்பர்வைசர் மெசேஜ் போட்டிருக்காரு. கேமராவுல பாத்திருப்பாரு. ஊருக்கு டிக்கெட் போட்டுருவாங்க.”

“அவரு கேக்குறதுக்கு முன்னாடி நீயா சொல்லிரு. இப்பவே.”

“இந்நேரத்துலயா? கொன்னுருவாரு!”

“உள்ள இன்னும் உசுரு இருந்தா? டாக்டரு பாத்தா பொழைக்குமோ என்னமோ. உன் வேலை போனாப் போகுது, அவருக்குப் போன் பண்ணுலே!”

போன் அணைந்தது. நஸீரா துஆ ஓதியபடி மாடியில் நடந்தாள்.

மறுபடி மணி அடித்தபோது எதிர்முனையில் விசும்பல்தான் கேட்டது.

“அழுவுறியாலே?”

“சிரிக்கிறேன் லாத்தா. சூப்பர்வைசரும் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அந்தத் தாய்க்கு இதுதான் மொத முட்டையாம். மிதிச்சு உடைச்சிரும்னு நெஜ முட்டைய எடுத்து இன்குபேட்டர்ல வச்சிருக்காங்க. நான் தள்ளிவிட்டது அதுக்குப் பதிலா வச்ச பிளாஸ்டர் போலி முட்டை! எங்கிட்டச் சொல்ல மறந்துட்டாராம்.”

“அப்ப காலையில எதுக்கு வரச்சொன்னாரு?”

“சாயந்தரம் அந்த நெஜ முட்டை பொரிஞ்சு குஞ்சு வெளிய வந்துருச்சாம். சாளைய அரைச்சு ஊட்ட என்னையப் பழக்கப்போறாராம்!”