பதினேழு கையெழுத்து

"வாசல்ல கெடக்குற செருப்ப எண்ணுங்க. ரிஜிஸ்டர் பொய் சொல்லும், செருப்பு சொல்லாது. ஆனா..." என்று அறக்கட்டளையைத் தொடங்கிய லட்சுமியம்மாள் டீச்சர் ஓர் ஆண்டு விழாவில் பேசினார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்பது தென்னரசுக்கு ஞாபகமில்லை. சரியாக அப்போதுதான் சமோசாத் தட்டு வந்தது.

ஞாபகமிருந்த பாதியை வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை கண்டமங்கலம் பக்கத்திலிருந்த அறக்கட்டளையின் பாலர் மையத்துக்குத் திடீர் சோதனைக்குப் போனார்.

இருபத்திரண்டு வருஷம் நியூஜெர்சியில் இருந்துவிட்டுத் திரும்பியவர் தென்னரசு. திண்டிவனத்தில் அறங்காவலராகச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஏழைக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். 'இளம் தாய்மார் வகுப்பு' அவருடைய யோசனை. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி. மூன்று வகுப்புக்கு வராத தாயின் குழந்தைக்கு மையத்தில் இடம் கிடையாது. சனிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்பது நியூஜெர்சியில் அவர் கண்ட உண்மை.

வாசலில் பொடிச் செருப்புகள் சிதறிக் கிடந்தன. பெரிய செருப்பு இரண்டே ஜோடி. ரிஜிஸ்டரில் பதினேழு தாய்மார்களின் கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே கை.

உள்ளே மையத்து ஆசிரியை கலையரசி படம் காட்டி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே அஸ்வினி என்ற ஒரே ஒரு தாய்.

"மத்த பதினாறு பேரு எங்கம்மா?"

"பாண்டிக்கு வேலைக்குப் போயிருக்குதுங்க சார். சனிக்கெழம யாரு லீவு குடுக்குறாங்க?" என்றாள் கலையரசி.

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"நான்தான் சார் இந்தப் பொண்ண போடச் சொன்னேன்."

அஸ்வினி எழுந்து, இந்த வாரம் தன்னுடைய முறை என்றாள். வாரத்துக்கு ஒருத்தி லீவு போட்டுவிட்டு வந்து பாடம் கேட்பாளாம். திங்கட்கிழமை பஸ்ஸில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாளாம். பஸ்ஸில் பல்கலைக்கழகம் நடத்துகிறார்களா என்று தென்னரசு கேட்டார். ஆமாம் என்று இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். அது போதாதா? அன்று சாயங்காலமே 'கூட்டுச் சதி' என்ற தலைப்பில் இரண்டு பக்க அறிக்கையை, செருப்புப் படத்தோடு, செயலாளருக்கு அனுப்பிவிட்டார். வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

அறிக்கைக்கு ஒரு பின்னிணைப்பும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிப் பின்பக்கம் நின்றுகொண்டார்.

அஸ்வினி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். குழந்தை கேள்வி கேட்டால் சும்மா இரு என்று அதட்டக் கூடாது, நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்றாள்.

"நல்லா சொன்ன போ. நானு வூட்டுக்குப் போறதே எட்டு மணி. சோறாக்குறதா, அதுங்கூட ஒக்காந்து பேசிக்கினு இருக்கறதா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ஆக்கிக்கினே பேசுக்கா. மல்லாட்டைய முன்னால கொட்டி உரிக்கச் சொல்லு, உரிச்சத எண்ணச் சொல்லு. கலையரசி டீச்சர் அப்டித்தான் சொல்லிச்சு."

தென்னரசு அனுப்பிய பாடத்தில் எண்ணுவதற்கு இறக்குமதி செய்த மரமணிகள்தான் இருந்தன. மல்லாட்டை என்று இவர்கள் சொல்லும் வேர்க்கடலை இல்லை. கண்டக்டர்கூட நின்று, தன் பையன் சுவரெல்லாம் கிறுக்குகிறானே, அதற்கு டீச்சர் என்ன சொன்னது என்று விசாரித்துவிட்டுத்தான் விசில் ஊதினார். நியூஜெர்சியில் எந்தக் கருத்தரங்கிலும் இத்தனை கேள்விகள் எழுந்து தென்னரசு பார்த்ததில்லை.

பாண்டியில் இறங்கியதும் செயலாளர் நடராசனுக்கு போன் போட்டு, அந்த அறிக்கையை நிறுத்திவையுங்கள் என்றார். நடராசன் சிரித்தார். அறிக்கை பிரமாதமாம், நன்கொடை தருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கே போய்விட்டதாம். புதன்கிழமை கமிட்டியில் கலையரசியை வேலையை விட்டு எடுத்துவிடலாம், விதிப்படி அந்தப் பதினேழு குழந்தைகளையும் நீக்கிவிடலாம் என்றார்.

புதன்கிழமை திண்டிவனம் அலுவலகத்தில் ஒன்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது நடராசனும் தென்னரசும்தான். தீர்மானம் ஏற்கெனவே டைப் அடித்து, கூட்டக் குறிப்பு நோட்டில் ஒட்டியிருந்தது. 'வருகைப் பதிவில் பொய்க் கையெழுத்து அனுமதித்த குற்றத்துக்காக...'

"மத்தவங்க எப்ப வருவாங்க?" என்றார் தென்னரசு.

"டாக்டருக்கு ஒரு கல்யாணம் சார். வக்கீலு செஞ்சி பக்கம் போயிக்கினு இருக்காரு. நீங்க பேஜாராவாதீங்க. டிரைவர் நோட்ட எடுத்துக்கினு வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கியாந்துடுவாரு. அஞ்சு பேராச்சும் வந்ததா இருக்கணும் சார், இல்லன்னா தீர்மானம் செல்லாது."

"இது சரியா?"

"எப்பவும் நடக்கறதுதான சார். மூணு வகுப்பு வரலன்னா எடமில்லன்னு நீங்க ஒரு ரூல் போட்டீங்களே, அதுவே அப்டித்தான் பாஸாச்சு. அன்னிக்கி நீங்களே வரல. மெட்ராஸ் ஏர்போர்ட்ல இருந்தீங்க. மறுநாளு வீட்டு வாசல்ல கார் பேனட் மேல வெச்சு கையெழுத்து போட்டீங்க."

தென்னரசு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வந்திருந்தோர் ஒன்பது பேர். அவர் கையெழுத்து மூன்றாவதாக, தெளிவாக இருந்தது.

வாசலில் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். இன்னும் ஏழு வீடு போக வேண்டுமே.

நடராசன் கையெழுத்துப் போட்டு நோட்டை நகர்த்தினார். தென்னரசு அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். 'வந்திருந்தோர் இரண்டு பேர் மட்டும்' என்று எழுத்தால் எழுதினார். மிச்சமிருந்த காலி இடத்தில் மேலிருந்து கீழாகக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.