இறக்கிட்டேன்

பக்கவாட்டுக் காற்றில் அந்தச் சின்ன விமானம் ஓடுபாதையை விட்டு இடப்பக்கம் இழுபட்டுப் போய் வேலியில் மோதியது. பயணி ஒருவர் இறந்தார். பைலட் பெனிட்டாவுக்கு வலது கணுக்கால் உடைந்தது. திசை திருப்பும் மிதியை அத்தனை பலமாக மிதித்திருந்தாள்.

"நான் விமானத்தை இறக்கும்போது..." என்று விசாரணையில் ஆரம்பித்தாள்.

"இறங்கும்போதுன்னு எழுதிக்கிறேன் மேடம். அது தானாத்தான் இறங்குது," என்றார் விசாரணை அதிகாரி. "உங்க மேல தப்பில்ல. அந்த மிதியை எதோடயும் இணைக்கல. பயணிகள் தைரியத்துக்கு வச்சது."

"எப்பலேருந்து?"

"நீங்க சேர்றதுக்கு முன்னாடியே."

பதினோரு வருடமாகத் தரை தொட்டதும் கணவன் லாசருக்கு அவள் அனுப்பும் செய்தி ஒன்றுதான்: "இறக்கிட்டேன்."

கட்டுப் பிரித்ததும் வேலைக்குத் திரும்பினாள். விமானம் தரை தொட்டு நின்றது. மிதியிலிருந்து காலை எடுக்காமலே டைப் செய்தாள்:

"இறங்கிட்டேன்."